இரண்டு விஷம், ஒரு வலை: காட்மியம் சயனைடின் கதை

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)

இன்னைக்கு நாம பேசப் போற பொருளை உங்க வாழ்க்கையில ஒரு தடவைகூட நீங்க தொட்டிருக்க மாட்டீங்க. தொடவும் வேண்டாம். பேரு காட்மியம் சயனைடு. பேரோட முதல் பாதி, சிறுநீரகத்தையும் எலும்பையும் அரிக்கிற ஒரு உலோகம். இரண்டாவது பாதி, துப்பறியும் கதைகள்ல வர்ற அதே சயனைடு. இது ரெண்டும் சேர்ந்தா ஒரு வெள்ளைத் தூள். பார்த்தா கோலமாவுன்னு நினைப்பீங்க.

இதுக்கு எதுக்கு ஒரு முழு எபிசோட்? சொல்றேன்.

2025 அக்டோபர் 8 அன்று வேதியியல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. கியோட்டோவின் சுசுமு கிதாகாவா, மெல்போர்னின் ரிச்சர்ட் ராப்ஸன், பெர்க்லியின் ஓமர் யாகி, மூன்று பேருக்கும் சேர்த்து. உலோக அணுக்களைக் கரிம மூலக்கூறுகளால் இணைத்து, உள்ளே நிறைய காலி இடம் உள்ள படிகங்களைக் கட்டியதற்காக. அன்னைக்கு வந்த செய்திகள்ல பாலைவனக் காற்றிலிருந்து தண்ணீர் எடுப்பது, கார்பன் டைஆக்ஸைடைப் பிடிப்பது எல்லாம் இருந்தது. சரிதான். ஆனா இந்தக் கதையோட ஆரம்ப அத்தியாயங்கள்ல அடிக்கடி தலைகாட்டுற ஒரு ஆள் இருக்கு, அதைப் பற்றி யாரும் பெருசா பேசலை. அதுதான் காட்மியம். எந்தக் கடையிலும் விற்க முடியாத, எந்தக் கம்பெனியும் விரும்பித் தொடாத உலோகம். ஒரு கட்டத்துல வேதியியலாளர்கள் இதைத்தான் தேடித் தேடி எடுத்தாங்க. ஏன்னு பார்ப்போம்.

முதல்ல காட்மியம் எப்படிக் கிடைச்சதுன்னு சின்னதா சொல்லிடறேன், ஏன்னா அதுவே ஒரு நல்ல துப்பறியும் கதை. 1817. ஜெர்மனியில் ஹனோவர் பகுதி. கோட்டிங்கன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஃப்ரீட்ரிஷ் ஷ்ட்ரோமையருக்கு மருந்துக் கடைகளைப் பரிசோதிக்கிற அரசாங்க வேலையும் இருந்தது. ஒரு இடத்தில் துத்தநாக கார்பனேட்டைச் சூடாக்கினால் மஞ்சளாக, ஆரஞ்சாக மாறியது. இரும்புக் கலப்படம் இருந்தால் இப்படி ஆகும். ஆனால் தேடிப் பார்த்தால் இரும்பு இல்லை. கிட்டத்தட்ட அதே சமயத்தில் மாக்டபுர்க் பக்கம் துத்தநாக மருந்து ஒன்றைப் பரிசோதித்த அதிகாரி, மஞ்சள் வீழ்படிவைப் பார்த்து, ஆர்சனிக் கலந்துவிட்டார்கள் என்று சரக்கையே பறிமுதல் செய்தார். ஆர்சனிக்கும் இல்லை. துத்தநாகத்துக்குள் ஒளிந்திருந்த ஒரு புது உலோகம் அது. துத்தநாகத் தாதுவுக்கு லத்தீனில் இருந்த ‘கட்மியா’ என்ற பழைய பெயரையே அதற்கு வைத்தார் ஷ்ட்ரோமையர்.

அந்த மஞ்சள் வீழ்படிவு, அதாவது காட்மியம் சல்ஃபைடு, பின்னாடி ஓவியர்களுக்குப் பிடிச்ச பெயின்ட் ஆச்சு. நிக்கல்-காட்மியம் பேட்டரி பழைய கார்ட்லெஸ் ஃபோன்கள்ல இருந்தது, ஞாபகம் இருக்கிறவங்க கை தூக்குங்க.

இனி கொஞ்சம் கனமான பகுதி. ஜப்பானின் தொயாமா பகுதியில் ஜின்சூ என்று ஒரு ஆறு. ஆற்றின் மேல்பக்கத்தில் கமியோகா சுரங்கம். துத்தநாகமும் ஈயமும் எடுத்த சுரங்கம். கழிவோடு காட்மியம் ஆற்றில் கலந்தது. ஆற்றுத் தண்ணீர் நெல் வயலுக்குப் போனது. நெல் காட்மியத்தை நன்றாக உறிஞ்சும். அந்த அரிசியைப் பல வருஷம் சாப்பிட்ட மக்களுக்கு, அதிலும் குறிப்பாகப் பல பிள்ளைகள் பெற்ற நடுவயதுப் பெண்களுக்கு, எலும்புகள் மெலிந்து உடைய ஆரம்பித்தன. இருமினால் விலா எலும்பு முறியும் நிலை. அவர்கள் வலியில் கத்திய ‘இதாய், இதாய்’ என்ற வார்த்தையே நோயின் பெயராகிவிட்டது. ‘வலிக்குது, வலிக்குது’ என்று அர்த்தம். உள்ளூர் டாக்டர் ஹகினோ, சுரங்கக் கழிவுதான் காரணம் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். 1968-ல் ஜப்பான் அரசு அதை ஒப்புக்கொண்டது. 1971-ல் நீதிமன்றம் பாதிக்கப்பட்டவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 1972-ல் கம்பெனியின் மேல்முறையீடும் தோற்றது.

இதை ஏன் இங்க சொல்றேன்னா, அடுத்து நாம பார்க்கப் போற முக்கியமான வேலைகள்ல பாதி அதே ஜப்பான்ல, அதே பத்தாண்டுகள்ல நடந்தது. அந்த ஆய்வகங்கள்ல வேலை பார்த்தவங்களுக்கு இது எப்படிப்பட்ட உலோகம்னு யாரும் புதுசா சொல்லித்தர வேண்டிய நிலைமை இல்லை.

சரி, விஷயத்துக்கு வருவோம். கோஆர்டினேஷன் பாலிமர்னா என்ன?

ப்ளஸ் டூ-வில் அணைவுச் சேர்மம்னு ஒரு பாடம் வந்திருக்கும். நடுவுல ஒரு உலோக அயனி, சுத்தி நாலோ ஆறோ மூலக்கூறு ஒட்டிக்கிட்டு நிக்கும். ஆல்ஃபிரெட் வெர்னர் 1893-ல் வைத்த படம் அது. இப்போ அப்படி ஒட்டுகிற மூலக்கூறுக்கு இரண்டு பக்கமும் கை இருக்கிறது என்று வையுங்கள். ஒரு கையால் இந்த உலோகத்தையும், இன்னொரு கையால் அடுத்த உலோகத்தையும் பிடிக்கும். அந்த உலோகம் அடுத்ததை. முடிவே இல்லாமல் போய்க்கொண்டே இருக்கும். மார்கழி மாசத்துக் கோலம் மாதிரி: புள்ளி வைச்சு, புள்ளியையும் புள்ளியையும் கோட்டால சேர்க்கிறது. (சிக்குக் கோலம் இல்ல, கோடு புள்ளி மேலயே போற கோலம்.) உலோகம் புள்ளி, நடுவுல இருக்கிற மூலக்கூறு கோடு. இந்தக் கோலம் தரையில் மட்டும் இல்லாமல் மேலேயும் கீழேயும் வளர்ந்தால் அது முப்பரிமாண வலை.

காட்மியம் சயனைடில் கோடு ரொம்பச் சின்னது. ஒரு கார்பன், ஒரு நைட்ரஜன், அவ்வளவுதான். கார்பன் முனை ஒரு காட்மியத்தையும் நைட்ரஜன் முனை இன்னொன்றையும் பிடிக்கும். ஒரு காட்மியத்திலிருந்து அடுத்த காட்மியத்துக்கு ஏறக்குறைய 5.5 ஆங்ஸ்ட்ராம், அதாவது அரை நானோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். ஒவ்வொரு காட்மியத்துக்கும் நான்கு திசையில் நான்கு கோடு, நான்முகி வடிவத்தில். வைரத்தில் ஒவ்வொரு கார்பனும் நான்கு கார்பனைப் பிடித்திருக்கிறதே, அதே வடிவம்தான். ஆனால் இழுத்துப் பெரிதாக்கின வைரம். வைரத்தில் அணுவுக்கும் அணுவுக்கும் 1.54 ஆங்ஸ்ட்ராம்தான்.

இப்போ, ஏன் காட்மியம்? இரண்டு காரணம். முதலாவது, அதுக்குப் பிடிவாதம் கிடையாது. நிக்கல் மாதிரி உலோகங்களுக்கு டி-எலக்ட்ரான் கூடு பாதி நிரம்பியும் நிரம்பாமலும் இருக்கும். அதனால் சயனைடு வந்தால் சதுரமாகத்தான் நிற்பேன், அம்மோனியா வந்தால் எண்முகிதான் என்று அடம் பிடிக்கும். காட்மியம் அயனிக்கு அந்தக் கூட்டில் பத்து எலக்ட்ரானும் நிரம்பிவிட்டது. நான்கு பேர் வந்தாலும் சரி, ஆறு பேர் வந்தாலும் சரி. சைஸும் பெருசு, நெருக்கடி இல்லை.

இரண்டாவது காரணம் இதைவிட முக்கியம். காட்மியம் பிணைப்பை உடனே போடும், உடனே விடும். தண்ணீரில் கரைந்திருக்கும் ஒரு காட்மியம் அயனி தன்னைச் சுற்றியுள்ள நீர் மூலக்கூறை ஒரு நொடியில் கோடிக்கணக்கான தடவை மாற்றிக்கொள்ளும். மூன்று மின்சுமை கொண்ட குரோமியம் அதே வேலையைச் செய்ய நாட்கணக்கில் எடுக்கும். படிகம் வளரும்போது இது பெரிய வரம். ஏன்னா வலை கட்டும்போது தப்பு நடக்கத்தான் செய்யும். ஒரு கோடு தப்பான புள்ளியில் போய் ஒட்டிவிடும். குரோமியம் என்றால் அந்தத் தப்பு அப்படியே உறைந்துவிடும். காட்மியம் என்றால் பிணைப்பு விட்டுப்போய், திரும்ப வந்து, சரியான இடத்தில் உட்கார நேரம் கிடைக்கும்.

கற்கண்டு எப்படிப் பண்றாங்கன்னு தெரியும்தானே? பாகை ஆடாம அசையாம நூலோட வைச்சுடுவாங்க. அவசரப்பட்டா சீனித்தூள்தான். இங்கேயும் அதேதான். காட்மியம் உப்புக் கரைசலில் பொட்டாசியம் சயனைடை நேராக ஊற்றினால் உடனே வெள்ளைத் தூள் விழும். அதில் அமைப்பைப் பார்ப்பது கஷ்டம். எக்ஸ்-கதிரை வைத்து ஒவ்வொரு அணுவும் எங்கே இருக்கிறது என்று சொல்ல, கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு ஒரு முழுப் படிகம் வேண்டும். அதற்கு இரண்டு பக்கமும் மெதுவாகச் சந்திக்க வேண்டும்.

இனிமேல் வரலாற்றை வேகமா ஓட்டறேன், ஒரு இடத்துல நிறுத்துவேன்.

1897-ல் ஜெர்மனியில் கார்ல் ஹாஃப்மன், அம்மோனியாவில் கரைத்த நிக்கல் சயனைடோடு பென்சீனைச் சேர்த்தார். திடப்பொருள் ஒன்று பிரிந்து வந்தது. அதற்குள் பென்சீன் இருந்தது. ஆனால் எதனோடும் பிணைந்திருக்கவில்லை. சும்மா மாட்டிக்கொண்டிருந்தது. பென்சீனின் நெருங்கிய சொந்தக்காரரான டொலுயீனை அது உள்ளே விடவில்லை. எப்படி என்று அவருக்குத் தெரிய வழியில்லை. எக்ஸ்-கதிர்ப் படிகவியல் பிறப்பதற்கே இன்னும் 15 வருஷம் இருந்தது. 1949-ல் ஆக்ஸ்ஃபோர்டில் பவலும் ரேய்னரும் விடை சொன்னார்கள்: நிக்கலும் சயனைடும் சேர்ந்து கட்டம் போட்ட விரிப்புகளாக இருக்கின்றன, அம்மோனியா மேலும் கீழும் தூண் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிறது, இடையில் உள்ள கூண்டில் பென்சீன். இப்படிப்பட்டவற்றுக்குப் பவல் ‘கிளாத்ரேட்’ என்று பெயர் வைத்தார். லத்தீனில் ‘கம்பி போட்டு அடைத்தது’ என்று பொருள். (இந்தப் பவலிடம்தான் டோரதி ஹாட்ஜ்கின் மாணவியாகத் தன் முதல் படிக வேலையைப் பழகினார். அது தனி எபிசோட்.)

1959-ல் ஜப்பானில் சைட்டோவின் குழு இன்னொரு விசித்திரத்தைப் பார்த்தது. செம்பு அயனிகளை நீளமான ஒரு நைட்ரைல் மூலக்கூறு இணைக்கும் படிகம். பெரிய வைர வடிவ வலை. ஆனால் ஒன்று அல்ல, ஆறு வலைகள் ஒன்றுக்குள் ஒன்று. ஒன்றின் ஓட்டைக்குள் இன்னொன்று புகுந்து, எதுவும் எதோடும் பிணையாமல், ஆனால் உடைக்காமல் பிரிக்கவே முடியாதபடி. சங்கிலி வளையம் மாதிரி.

இங்கேதான் பிரச்சினையின் வேர். இயற்கைக்குக் காலி இடம் பிடிக்காது. பெரிய ஓட்டை உள்ள வலையைக் கட்டினால் கரைசல் மூலக்கூறு வந்து நிரப்பும். இல்லையென்றால் அதே வலையின் இன்னொரு நகல் வந்து நிரப்பும். இல்லையென்றால் வலை இடிந்து விழும். அப்போ காலி இடத்தை எப்படிக் கட்டுறது?

டோக்கியோ பல்கலைக்கழகத்தில் தோஷிதாகே இவாமோட்டோ. 1960களின் பிற்பகுதியிலேயே ஹாஃப்மனின் கூண்டை எடுத்து, அதில் அம்மோனியாவைப் பிடித்திருக்கும் நிக்கல்களுக்குப் பதில் காட்மியத்தை வைத்துப் பார்த்தவர். வேலை செய்தது. அதற்குப் பிறகு இருபது வருஷம், வேறு வேறு விருந்தாளி மூலக்கூறு, வேறு வேறு தூண் என்று கூண்டுகளை மாற்றி மாற்றிக் கட்டினார். களிமண், ஸியோலைட் மாதிரி கனிமங்களின் அமைப்பை சிலிக்கானும் ஆக்சிஜனும் இல்லாமல், காட்மியமும் சயனைடும் வைத்து நகலெடுக்கலாம் என்பது அவர் பார்வை. கனிமத்தைப் போலச் செய்யும் வேதியியல் என்று அதற்குப் பெயரே வைத்தார்.

1988-ல் கிதாசாவாவும் இவாமோட்டோவும் சக ஆய்வாளர்களும் சேர்ந்து வெளியிட்ட ஒரு குட்டிக் கட்டுரை. காட்மியமும் சயனைடும் உள்ள நீர்க் கரைசல். அதோடு தொட்டுக்கொண்டு கார்பன் டெட்ராகுளோரைடு. அந்தத் திரவம் தண்ணீரில் கலக்காது, கனமானது, அடியில் தங்கும். படிகம் வளர்ந்தது. எக்ஸ்-கதிரில் பார்த்தால், காட்மியம் சயனைடின் வைர வலை. ஒரே ஒரு வலை. ஒவ்வொரு கூண்டுக்குள்ளும் ஒரு கார்பன் டெட்ராகுளோரைடு மூலக்கூறு. அதுவும் நான்முகி வடிவம், கூண்டும் அதே வடிவம், கச்சிதமாகப் பொருந்தி உட்கார்ந்திருந்தது. விருந்தாளி இடத்தைப் பிடித்துக்கொண்டதால் இரண்டாவது வலைக்கு உள்ளே வர வழியில்லை.

இங்க நிறுத்தறேன். இப்போ மெல்போர்னுக்குப் போகணும், ஆனா கடிகாரத்தைக் கொஞ்சம் பின்னால திருப்பி, 1974-க்கு.

ரிச்சர்ட் ராப்ஸன் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் பிறந்தவர். ஆக்ஸ்ஃபோர்டில் படித்து, 1966-ல் மெல்போர்ன் பல்கலைக்கழகத்துக்கு வந்தவர். முதலாம் ஆண்டு மாணவர்களுக்குக் காட்ட மரப்பந்துகளும் குச்சிகளும் வைத்துப் படிக மாதிரிகள் செய்து தரச் சொன்னார்கள். பந்தில் ஓட்டை போட வேண்டியது பட்டறைக்காரர்கள். ஆனால் எங்கே போட வேண்டும் என்று குறித்துத் தர வேண்டியது இவர். குறித்தார். பந்துகள் வந்தன. குச்சியைச் செருகிச் செருகிக் கட்டிப் பார்த்தபோது அவருக்கு ஒன்று பட்டது: ஓட்டைகள் சரியான கோணத்தில் இருந்தாலே போதும், மாதிரி தானாகச் சரியான வடிவத்துக்கு வந்துவிடுகிறது. முழுக் கட்டடத்துக்கான தகவலும் அந்த ஓட்டைகளிலேயே இருக்கிறது. அப்படியானால் பந்துக்குப் பதில் உலோக அயனி, குச்சிக்குப் பதில் மூலக்கூறு வைத்தால்?

வருஷா வருஷம் வகுப்புக்கு அந்தப் பந்துகளை எடுக்கும்போதெல்லாம் இந்த யோசனை திரும்ப வந்தது. செய்து பார்க்கப் பத்து வருஷத்துக்கு மேல் ஆனது. அதுல ஒரு நியாயமும் இருக்கு. அப்படிக் கலந்தால் குருவிக்கூடு மாதிரி சிக்கலான குப்பைதான் வரும் என்பதே அப்போது பெரும்பாலான வேதியியலாளர்களின் எதிர்பார்ப்பு.

1989-ல் பெர்னார்ட் ஹாஸ்கின்ஸ் என்ற படிகவியலாளரோடு சேர்ந்து வெளியிட்டார். செம்பு அயனி, நான்கு கை கொண்ட ஒரு பெரிய கரிம மூலக்கூறு. வைர வலை, உள்ளே பெரும்பகுதி காலியிடம், கரைசல் நிரம்பியது. 1990-ல் இன்னொரு கட்டுரை, இந்த முறை நீளமானது. அதில் எடுத்துக்காட்டுகளில் ஒன்றாக வந்தது யார்? நம்ம காட்மியம் சயனைடு! விருந்தாளி இல்லாத, சுத்தமான காட்மியம் சயனைடை அதன் இரட்டைப் பிறவி மாதிரியான துத்தநாக சயனைடோடு சேர்த்து, முழுப் படிகமாக வளர்த்து, எக்ஸ்-கதிரில் தெளிவாகப் பார்த்தார்கள். (துத்தநாக சயனைடின் அமைப்பைச் சோவியத் படிகவியலாளர் ஷ்தானவ் 1941-லேயே எழுதியிருந்தார்.) இதில் இரண்டு வலைகள். ஒன்றின் காலியிடத்துக்குள் இன்னொன்று முழுசாகப் புகுந்துவிட்டது. ஓட்டையே மிச்சம் இல்லை.

அதாவது, ஒரே உலோகம், ஒரே சயனைடு, ஒரே விகிதம். டோக்கியோவில் விருந்தாளியோடு செய்தால் ஒற்றை வலை. விருந்தாளி இல்லாமல் செய்தால் இரட்டை வலை. அப்போ படிகத்தோட வடிவத்தைத் தீர்மானிச்சது யாரு? ஒரு பிணைப்புகூடப் போடாம நடுவுல சும்மா உட்கார்ந்திருந்த அந்த மூலக்கூறு.

இன்னொரு சின்னச் சிக்கலையும் சொல்லிடறேன், எனக்கு ரொம்பப் பிடிச்சது. எக்ஸ்-கதிர் எலக்ட்ரான்களைத்தான் பார்க்கும். காட்மியம் அயனியில் 46 எலக்ட்ரான். கார்பனில் 6, நைட்ரஜனில் 7. பக்கத்தில் லாரி ஹெட்லைட் எரியும்போது இரண்டு மெழுகுவத்தியில் எது பெரியது என்று கேட்பது மாதிரி. அதனால் ஒவ்வொரு சயனைடும் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று எக்ஸ்-கதிர் சொல்லாது. 1990-ல் நிஷிகியோரி, கனடாவின் ராட்கிளிஃப், ரிப்மீஸ்டர் ஆகியோர் காட்மியத்தையே சாட்சி சொல்ல வைத்தார்கள். இயற்கையான காட்மியத்தில் நூறு அணுவில் சுமார் 12, காட்மியம்-113. அதன் கரு ஒரு குட்டிக் காந்தம். என்.எம்.ஆர். கருவியில் வைத்தால், தன்னைச் சுற்றிக் கார்பன் எத்தனை, நைட்ரஜன் எத்தனை என்று அது சொல்லிவிடும். விடை: ஒழுங்கே இல்லை. சில காட்மியத்துக்கு மூன்று கார்பன் ஒரு நைட்ரஜன், சிலதுக்கு இரண்டு இரண்டு. வலை வைரம் மாதிரி கச்சிதம். ஆனால் கம்பிகள் இஷ்டத்துக்குத் தலைகீழாக நிற்கின்றன. விஷமா இருந்தாலும் காட்மியத்தை விடாம வைச்சிருந்ததுக்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, பெரிய கேள்வி. யார் முதல்?

டோக்கியோ கட்டுரை 1988. மெல்போர்ன் கட்டுரை 1989. காட்மியம் சயனைடின் ஒற்றை வைர வலையை, உள்ளே கூண்டோடு, முதலில் காட்டியது டோக்கியோதான். இதை மறைச்சுட்டு, மரப்பந்திலிருந்து எல்லாம் ஆரம்பிச்சதுன்னு சொன்னா அது அநியாயம். அதே சமயம், 1990 கட்டுரையைப் படிச்சா என்ன வித்தியாசம்னு புரியும். ராப்ஸனும் ஹாஸ்கின்ஸும் ஒரு படிகத்தைக் காட்டிவிட்டு நிறுத்தவில்லை. நான்முகிப் புள்ளி, எண்முகிப் புள்ளி, இடையில் குச்சி. எதை வேண்டுமானாலும் மாற்றலாம். ஒரு பெரிய புதுக் குடும்பமே இப்படிக் கட்டலாம். அதற்கு இதுவரை பார்க்காத பயன்கள் இருக்கலாம் என்று எழுதினார்கள். இவாமோட்டோ கனிமங்களைப் பார்த்து அதே மாதிரி செய்தார். இவர்கள் இன்னும் இல்லாத ஒன்றை முதலில் வரைந்துவிட்டுப் பிறகு செய்தார்கள். நோபல் குழு இரண்டாவதுக்குப் பரிசு கொடுத்தது, என்னைக் கேட்டா அது சரிதான். ஆனா ஒரு பரிசை மூணு பேருக்கு மேல தரக் கூடாதுங்கிற விதி இருக்கும்போது, வரலாற்றை எழுதுறவங்களுக்கு அந்த விதி கிடையாது இல்லையா? இவாமோட்டோ, ஹாஸ்கின்ஸ், இந்தப் பேர்கள் கதையில இருக்கணும்.

இன்னொரு பேரும் இருக்கணும். மகோதோ ஃபுஜிதா. 1994, ஜப்பானின் சிபா பல்கலைக்கழகம். இவரும் காட்மியத்தைத்தான் எடுத்தார், ஆனால் சயனைடுக்குப் பதில் நீளமான குச்சி ஒன்று: இரண்டு முனையிலும் நைட்ரஜன் உள்ள பைபிரிடீன். காட்மியம் நைட்ரேட்டோடு சேர்த்தால் சதுரம் சதுரமாகக் கட்டம் போட்ட விரிப்பு, பக்கத்துக்குச் சுமார் 1.2 நானோமீட்டர். ஒவ்வொரு காட்மியத்துக்கும் நான்கு பக்கம் குச்சி, மேலும் கீழும் நைட்ரேட். டைபுரோமோபென்சீனின் மூன்று வடிவங்களில் குறிப்பாக ஒன்றை மட்டும் நன்றாக உள்ளே பிடித்துக்கொண்டது. அதுக்கு மேல, இந்தப் படிகத் தூள் ஒரு வினையை வேகப்படுத்தியது. ஆல்டிஹைடில் சயனைடைச் சேர்க்கும் வினை. காட்மியம் நைட்ரேட்டைத் தனியாகப் போட்டால் நடக்காது. பைபிரிடீனைத் தனியாகப் போட்டாலும் நடக்காது. வலையாக இருந்தால்தான் நடக்கும். மூலக்கூறின் வடிவம் மாறினால் வேகமும் மாறியது. உலோக-கரிம வலை ஒன்று வினையூக்கியாக வேலை செய்ததற்கான ஆரம்பகாலச் சான்று இது, அதுவும் காட்மியத்தில்.

அப்புறம் ஏன் காட்மியம் மேடையை விட்டு இறங்கிச்சு? காரணத்தை நீங்களே ஊகிச்சிருப்பீங்க. வடிவத்தைக் கற்றுக்கொள்ள விஷ உலோகம் பரவாயில்லை. டன் கணக்கில் செய்து, வண்டியிலோ வீட்டிலோ வைக்க முடியாது. 1995-ல் யாகி ‘உலோக-கரிமக் கட்டமைப்பு’ என்ற பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். 1997-ல் கிதாகாவா கோபால்ட், நிக்கல், துத்தநாகம் வைத்துக் கட்டிய வலைகள் வாயுவை உறிஞ்சி விட்டன, வடிவம் குலையாமல். 1999-ல் யாகியின் எம்.ஓ.எஃப்-5: துத்தநாகக் கொத்துகளை டெரெஃப்தாலேட் இணைத்தது. நம்ம தண்ணீர் பாட்டில் பிளாஸ்டிக் செய்யப் பயன்படும் அதே மூலப்பொருள். காலியாக இருக்கும்போதே 300 டிகிரி வரை தாங்கியது. 1817-ல் துத்தநாகத்துக்குள்ள ஒளிஞ்சிருந்து மாட்டின காட்மியம், 180 வருஷம் கழிச்சு இடத்தைத் துத்தநாகத்துக்கே திருப்பிக் கொடுத்திடுச்சு.

ஆனா நம்ம வெள்ளைத் தூளோட கதை அங்க முடியலை. அந்த டோக்கியோ படிகத்துல ஒரு கேள்வி பாக்கி இருந்தது: உள்ள இருக்கிற விருந்தாளியை வெளிய அனுப்பிட்டா என்ன ஆகும்? வலை இடியுமா? இரண்டாவது வலையாக மாறிவிடுமா?

2005-ல் ஆண்ட்ரூ குட்வினும் கேமரன் கெப்பெர்ட்டும் சாதாரண இரட்டை வலைக் காட்மியம் சயனைடைச் சூடாக்கி அளந்தார்கள். சூடாக்கினால் பொருள் விரியும்னு நமக்குத் தெரியும். தண்டவாளத்துல இடைவெளி விடறது அதுக்குத்தான். இது சுருங்கியது. ஒரு டிகிரிக்குப் பத்து லட்சத்தில் சுமார் 20 பங்கு. இரும்பு விரிவது அதே கணக்கில் சுமார் 12 பங்குதான். காரணம் அந்தச் சயனைடுக் கோடு. இரண்டு பேர் ஸ்கிப்பிங் கயிற்றின் இரண்டு முனையைப் பிடித்துச் சுற்றுகிறார்கள் என்று வையுங்கள். கயிறு அகலமாக ஆட ஆட, பிடித்திருப்பவர்கள் ஒருவரை ஒருவர் நோக்கி நகர வேண்டும். சூடு ஏறினால் கார்பனும் நைட்ரஜனும் பக்கவாட்டில் அதிகமாக ஆடும். இரண்டு முனையிலும் உள்ள காட்மியங்கள் கிட்டே வரும். மொத்தப் படிகமும் சுருங்கும்.

2008-ல் அதே குழுவினர் சக ஆய்வாளர்களோடு அந்தக் கேள்விக்கு வந்தார்கள். டோக்கியோ படிகத்திலிருந்து கார்பன் டெட்ராகுளோரைடை வெளியேற்றினார்கள். வலை இடியவில்லை. ஒற்றை வலையாகவே, வெறும் கூண்டுகளோடு நின்றது. சூடாக்கிப் பார்த்தால் இரட்டை வலையைவிட அதிகமாகச் சுருங்கியது: ஒரு டிகிரிக்குப் பத்து லட்சத்தில் 33 பங்குக்கும் மேல். ஆட்டத்துக்குக் குறுக்கே நிற்க இரண்டாவது வலை இல்லை.

1988-ல் கட்டிய கூண்டு காலியாகவும் நிற்கும் என்று தெரிய 20 வருஷம் ஆனது. இன்னைக்கு இவ்வளவுதான் மக்களே. அடுத்த வாரம் அந்த டோரதி ஹாட்ஜ்கின் எபிசோட். சந்திப்போம்.